பெருமாயியின் கண்ணாடி முதுகு

ஆங்கீரச வருஷம் ஆடி மாதம் மூன்றாம் தேதி, காலைக் கஞ்சிக்கு முன்பு, ஆலத்தூர் நாட்டுப் பெருமாயியின் முதுகு கண்ணாடியாகிப் போனது. பிடரிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி ஆரம்பித்து இடுப்புக்கு மேலே நாலு விரல் வரைக்கும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. முந்தின நாள் மழை, அன்றைக்கும் மழை, களையெடுப்பு பாதியில் நின்றிருந்தது. வேறு விசேஷம் ஒன்றும் கிடையாது. அவள் குனிந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த புருஷன் செங்கோடன்தான் முதலில் பார்த்தான். "ஏ புள்ள, முதுகுல என்னத்தப் பூசியிருக்கற?" என்றான். "ஒண்ணும் பூசலீங்களே" என்றாள் அவள். செங்கோடன் கஞ்சியைக் குடித்தான், மழை விடும்வரை காத்திருந்தான், பிறகு போய் ஊரையே கூட்டிக்கொண்டு வந்தான்.

ஊர் என்றால் பதினான்கு வீடு. எல்லோரும் போனோம். இதை எழுதுகிறவனும் போனான். இவன் செங்கோடனின் தம்பி. மலையிறங்கி காளப்பநாயக்கன்பட்டியில் இரண்டு வருஷம் எழுத்துப் படித்துவிட்டு வந்தவன். ஆகையால் எந்த விஷயத்திலும் முதலில் வாயைத் திறக்கிற உரிமை தனக்கு உண்டு என்று நம்பியவன். அந்த நோய் இன்னும் தீரவில்லை என்பது உங்களுக்கே தெரிகிறது.

பெருமாயி வாக்கப்பட்டு வந்தது விதை வீட்டுக்கு. விதை வீடு என்பது எங்கள் ஊரில் ஊர்க்கவுண்டன் வீடு. அப்போது ஊர்க்கவுண்டன் செங்கோடன். பதினான்கு குடும்பத்துக்கும் மறு வருஷத்துச் சாமை, கேழ்வரகு, தினை விதை எல்லாம் சாணம் மெழுகிய மூங்கில் கூடைகளில் அந்த வீட்டுப் பரணில்தான் இருக்கும். பரணுக்கு நேர் கீழே அடுப்பு. அந்த அடுப்பு அணையக் கூடாது. சன்னல் கிடையாது, கூரையில் விரல் நுழைகிற சந்து கிடையாது, குனிந்து போகிற ஒற்றைக் கதவு மட்டும். புகை பரணுக்கு ஏறி, விதையைச் சுற்றி வந்து, கீழே இறங்கி, தனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கதவு வழியாக வெளியே போகும். புகை பட்ட விதையை அந்துப்பூச்சி அண்டாது, வண்டு துளைக்காது. வீட்டு மருமகள் ஈர விறகாகப் பார்த்து வைத்து ஊத வேண்டும். காய்ந்த விறகு நன்றாக எரிந்து தொலைத்துவிடும், புகை வராது. பெருமாயி பத்தொன்பது வருஷம் ஊதியிருந்தாள்.

கண்ணாடிக்குள் என்ன தெரிந்தது என்றால், ஒரு மரம் தலைகீழாக நின்றது. தொண்டையிலிருந்து இறங்குகிற அடிமரம் ஒன்று, அது இரண்டு கிளையாகி, ஒவ்வொன்றும் இரண்டாகி, அதுவும் இரண்டாகி, இருபது தடவைக்கு மேல் பிரிந்தது. அதற்கப்புறம் எண்ணுவதற்கு எங்களுக்குக் கண்ணும் போதவில்லை, எண்ணும் போதவில்லை. நுனியெல்லாம் மீன் சினை மாதிரி பொடி முட்டைகள், ஒன்றொன்றும் சாமை அரிசியைவிடச் சின்னது. அவள் மூச்சை இழுத்தால் அத்தனையும் பொம்மும், விட்டால் சுருங்கும். விலா எலும்புகள் நிழலாகத் தெரிந்தன. நாங்கள் கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். எங்கள் ஊரார் வாயைப் பொத்தியதாக அதற்கு முன்பு தகவல் இல்லை.

பொத்திய வாய் திறந்ததும் சோதனை பண்ண ஆரம்பித்தோம். அறுப்பு முடிந்து களத்தில் சாமை தூற்றும்போது அவளை உமிக்காற்றில் நிறுத்திப் பார்த்தோம். சின்னுசாமியின் பெண்டாட்டி பாப்பாயி ராகி மாவு சலிக்கும் இடத்தில் உட்கார்த்திப் பார்த்தோம். மிளகுத் தூளையும் முகர வைத்தோம். தும்மல் வந்து அத்தனையும் பாப்பாயி முகத்தில் விழுந்ததால் அந்தச் சோதனை மட்டும் ஒரே நாளில் முடிந்தது. பெருமாயி எதற்கும் மறுக்கவில்லை. "பாத்துட்டுச் சொல்லுங்க, உள்ள எப்பிடி இருக்குதுன்னு" என்பாள். நாங்கள் பார்ப்போம். சொல்வது மட்டும் எங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டோம்.

பார்த்த வரைக்கும் சரியாகத்தான் பார்த்தோம், அதை மறைப்பதற்கில்லை. உமி, மண், பெருந்தூசி எதுவும் மூக்கையும் தொண்டை வளைவையும் தாண்டுவதில்லை. வேகமாக வருகிறது, காற்று திரும்புகிறது, தூசிக்குத் திரும்பத் தெரியவில்லை. இறக்கத்தில் ஓடி வருகிற மாடு வளைவில் மண்கரையில் போய் முட்டுகிற மாதிரி முட்டி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மாவுத் தூசி அந்த வளைவைத் தாண்டிவிடும். ஆனால் கிளை பிரியப் பிரியக் காற்று தளர்ந்து போவதால் நடுவழியிலேயே கனம் தாங்காமல் படிந்துவிடும். அந்தக் கிளைச் சுவரெல்லாம் ஒரு மெல்லிய ஈரம் இருந்தது. அது சும்மா இருக்கவில்லை. எறும்பு ஊர்கிற வேகத்தில் ஓயாமல் மேலே ஊர்ந்து, படிந்த மாவைத் தொண்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவள் காறித் துப்பினால் மறுநாள் காலையில் கிளை சுத்தமாக இருக்கும். இந்த ஈரத்தை முதலில் கண்டது தன் பெண்டாட்டிதான் என்று சின்னுசாமியும், தான்தான் என்று இதை எழுதுகிறவனும் மூன்று நாள் பேசாமல் இருந்தார்கள்.

புகை வேறு ஜாதி. அது எங்கேயும் முட்டவில்லை, எங்கேயும் விழவில்லை. வளைவு வந்தால் வளைந்தது, கிளை பிரிந்தால் பிரிந்தது, நேராக நுனி முட்டைக்குள் போய்ச் சேர்ந்தது. போனதில் பெரும்பங்கு வந்த வழியே வெளியேறிவிட்டது. மிச்சம் அங்கே வழி தெரியாத ஆளைப் போல் இங்கும் அங்கும் அலைந்து, சுவர் தட்டிய இடத்தில் ஒட்டியது. அந்த ஊர்கிற ஈரம் நுனி முட்டை வரைக்கும் வருவதில்லை. அதனால் ஒட்டியது ஒட்டியதுதான். பத்தொன்பது வருஷத்துப் புகையில் மூன்றில் இரண்டு பங்கு முட்டைகள் அடுப்புக்கரியாகக் கறுத்திருந்தன. கறுத்த முட்டை பொம்மவில்லை. இவ்வளவும் எங்கள் கண்ணால் கண்டோம். இவ்வளவையும் கண்ட பிறகு ஒரு கழுதைக்குக்கூட என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

இங்கேதான் இதை எழுதுகிறவன் வாயைத் திறந்தான். பரணில் இருக்கிற விதை ஏன் கெடுவதில்லை? புகையால். பெருமாயிக்குள் இருப்பது என்ன? அதே புகை. ஆகவே மலையிலேயே கெட்டுப் போகாத நெஞ்சு அவளுடையதுதான், இன்னும் நூறு வருஷத்துக்கு ஒரு பூச்சி அண்டாது என்றான். எழுத்துப் படித்தவன் 'ஆகவே' போட்டுவிட்டால் எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. செங்கோடனுக்குப் பெருமை தாங்கவில்லை. பாப்பாயி தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து அரை நாழிகை அடுப்போரம் வைத்திருந்தாள். குழந்தை மூச்சு வாங்கி இருமியது; புகை நல்லாப் பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டோம். முள்ளுக்குறிச்சியிலிருந்து வேடிக்கை பார்க்க ஏறி வந்தவர்களிடம், "கீழ்நாட்டுல உங்களுக்கெல்லாம் இந்தப் பாக்கியம் எங்கீங்க" என்று இவனே கேட்டிருக்கிறான்.

அந்தப் பாக்கியசாலிக்கு நீரூற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. மார்கழியில் அது ஐந்து இடமானது. தைக்குப் பிறகு படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்துதான் தூங்கினாள். தன் முதுகு அவளுக்குத் தெரியாது; மலையிலேயே அதைப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான். செங்கோடனிடம் கேட்பாள்: "ஏனுங்க, நெசமாச் சொல்லுங்க, உள்ள எப்பிடி இருக்குது?" "நல்லாத்தான் இருக்குது" என்பான் அவன். பாப்பாயியிடம் கேட்டாலும் அதேதான். ஒருநாள் கொழுந்தனையே பிடித்துக் கேட்டாள். "தம்பி, நீயி படிச்சவன். பொய் சொல்ல மாட்ட. மூச்சு பாதிலயே நின்னுக்குது சாமி. உள்ள என்ன தெரியுது?" முட்டைக் கறுப்பு நடுக்கிளை உயரத்தையும் தாண்டி ஏறிவிட்டது தெரிந்தது. "மழை மேகம் கெணக்கா அழகா இருக்குதுங்க அண்ணி" என்றான் படித்தவன். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய் அடுப்பை ஊதினாள்.

ஸ்ரீமுக வருஷம் சித்திரையில், மலைக்காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கொடுக்க அடிவாரத்துக் கம்பவுண்டர் வெங்கிடுசாமி ஏறி வந்தார். பெருமாயியின் முதுகை ஒரு நாழிகை பார்த்தார். மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். எங்கள் 'ஆகவே'யை இவன் அவருக்கு விளக்கியபோது அவர் முதலில் சிரித்தார். நாங்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். செங்கோடனைத் தனியே கூப்பிட்டு, "கவுண்டரே, இது வெதை இல்லீங்க, மனுசி. வெதை மூச்சு உடறதில்ல, இவங்க உடோணும். நாலுல ஒரு பங்குதான் வேலை செய்யுது. இன்னிக்கே கூரையில ஓட்டையப் போடுங்க. இல்லாட்டி அடுத்த மழைக்கு இவங்க இருக்க மாட்டாங்க" என்றார். தனியே என்பது எங்கள் ஊரில் பதினான்கு வீட்டுக்கும் கேட்கிற தூரம். பெருமாயிக்கும் கேட்டது.

செங்கோடன் கல்நெஞ்சன் அல்ல. அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை. ஆனால் பிரபவ வருஷத்தில் வடக்கே ஒரு ஊரில் ஒருவர் கீழ்நாட்டு வீட்டைப் பார்த்துவிட்டு வந்து தங்கள் விதை வீட்டுக் கூரையில் பானையளவு ஓட்டை விட்டிருந்தார். விதைப்புக்குப் பரணிலிருந்து இறக்கியபோது கூடைக்குள் சாமை இல்லை, அந்துப்பூச்சிதான் பறந்தது. அந்த வருஷம் அவர்கள் காட்டுக்கிழங்கு தோண்டித் தின்றதையும், அதுவும் தீர்ந்த பிறகு இரண்டு கிழவர்களைப் புதைத்ததையும் நாங்கள் அறிவோம். "ஒருத்தி மூச்சுக்காவ பதினாலு ஊட்டு வெதையத் தொலைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டான். கம்பவுண்டரிடம் அதற்கு மாத்திரை இல்லை. அவர் கீழே இறங்கி, பத்தாம் நாள் இரண்டு முகக்கண்ணாடிகளோடு திரும்ப ஏறி வந்தார். ஒன்றை அவள் கையில் கொடுத்து, இன்னொன்றை முதுகுக்குப் பின்னால் பிடித்தார்.

பெருமாயி வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் பார்த்தாள். அடிமரம், கிளை, சிறுகிளை, கரி. மூச்சை இழுத்துப் பார்த்தாள். தோளோரம் கொஞ்சம் முட்டைகள் மட்டும் பொம்மின. கண்ணாடியைக் கீழே வைத்தாள். "இத்தன நாளா எல்லாரும் இதத்தான் பாத்துட்டு இருந்தீங்களா?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்போம். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எங்களுக்கு வெட்கமாக இருந்தது, ரொம்ப வெட்கமாக இருந்தது. அவள் தண்ணீர்க் குடத்தை எடுத்து, யார் அப்பன் காலத்திலோ பற்றவைத்த அந்த அடுப்பில் கவிழ்த்தாள். பிறகு வெளியே வந்து பலா மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

தெய்வக் குத்தம் என்று கூட்டம் கூடியது. அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தோம். ஆனால் ஊத ஆள்? ஒவ்வொரு வீட்டு மருமகளையும் கேட்டோம். ஒவ்வொருத்தியும் பலா மரத்தடியைப் பார்த்தாள், பெருமாயியின் முதுகைப் பார்த்தாள், "எனக்குக் காட்டுல வேலை இருக்குதுங்க" என்றாள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரே சமயத்தில் இவ்வளவு காட்டு வேலை வந்தது அந்த வருஷம்தான். கடைசியில் ஆண்களுக்கு ரோசம் வந்தது. பொம்பளை நெஞ்சு வேறு, ஆம்பளை நெஞ்சு வேறு, இதெல்லாம் ஒரு வேலையா என்றோம். ஆளுக்கு எட்டு நாள் முறை வைத்தோம். முதல் முறை செங்கோடனுக்கு.

ஒன்பதாம் நாள் காலையில் செங்கோடனின் முதுகு கண்ணாடியாகிப் போனது. அதே அளவு, பிடரிக்குக் கீழே ஒரு சாண். அடுத்த எட்டு நாளில் சின்னுசாமி. இதை எழுதுகிறவன் மூன்றாவது. இவன் கெட்டிக்காரனாகக் கதவுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே ஊதினான், அப்படியும் எட்டாம் நாளே ஆகிவிட்டது. ஒவ்வொருவனுக்குள்ளும் ஏழெட்டு முட்டைதான் கறுத்திருந்தது, பெருமாயிக்குப் பக்கத்தில் அது தூசுக்குச் சமானம். ஆனால் என்ன ஆர்ப்பாட்டம்! செங்கோடன் மலைப்பாதையில் நடுவழியில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். சின்னுசாமி எட்டுக்கையம்மனுக்குக் கிடா நேர்ந்துகொண்டான். ஒருத்தன் முதுகை ஒருத்தன் பார்க்கலாம், தன் முதுகைத் தான் பார்க்க முடியாது. அதனால் காலையில் எழுந்ததும் எல்லோரும் எல்லோரிடமும் கேட்டோம். "நல்லாத்தான் இருக்குது" என்று எல்லோரும் எல்லோருக்கும் சொன்னோம். ஒருத்தனும் நம்பவில்லை. நாங்கள் அந்த வார்த்தையை எப்போது சொல்வோம் என்பது எங்களுக்குத் தெரியுமே.

நான்காவது முறைக்கு ஆள் வரவில்லை. மறுபடி கூட்டம். பேச்சு காலையில் ஆரம்பித்து வெயில் சாய்கிற வரைக்கும் சுற்றிச் சுற்றி வந்தது: ஓட்டை போட்டால் விதை போகும், போடாவிட்டால் ஆள் போகும். பலா மரத்தடியிலிருந்து பெருமாயி, ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, சொன்னாள்: "வெதைக்குத்தானுங்க புகை வேணும்? அதுக்கு ஒரு தனிக் குடிசையப் போடுங்க. அடியில தீய மூட்டிட்டு வெளிய வந்து கதவச் சாத்திக்கங்க. உள்ள ஆளு எதுக்கு?"

எத்தனை தலைமுறை, எத்தனை மருமகள்கள் அந்த அடுப்பருகே இருமிச் செத்தார்கள் என்று எங்களுக்குள் ஒருவனும் எண்ணிப் பார்த்ததில்லை. பன்றி விரட்டக் காட்டுக்குக் காடு பரண் கட்டுகிற கூட்டம் நாங்கள். குடிசை போடுவது எங்களுக்குக் கைவந்த வேலை. இரண்டு நாளில் முடிந்தது. தீ மூட்டியதும் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று கதவுச் சந்து வழியாகப் பார்த்தோம். புகை தன்பாட்டுக்கு விதையைச் சுற்றியது, ஊதச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. வீட்டுக் கூரையில் செங்கோடனே ஏறி ஓட்டை போட்டான். பானையளவு போதும் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். அவன் ஒரு மாடு விழுகிற அளவுக்குப் பிய்த்துவிட்டான். மழைக்கு அதைத் திரும்ப மூட வேண்டியிருந்தது. அடுத்த விதைப்புக்கு விதை இறக்கினோம். ஒரு வண்டு இல்லை.

பெருமாயி அடுத்த மழைக்கு இருந்தாள். அதற்கடுத்த மழைக்கும் இருந்தாள். கரி கரியாகவே இருந்தது, இனிமேல் அதில் ஒன்றும் மாறாது என்று கம்பவுண்டரும் சொல்லிவிட்டார். இருந்தாலும் செங்கோடன் தினமும் காலையில் அவள் பின்னால் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குகிறவன் மாதிரி, ஒவ்வொரு முட்டையாகப் பார்ப்பான். தாது வருஷம் தைமாதம் ஒரு காலையில் அவன் கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டினான். இடப்பக்கம், அடியிலிருந்து இரண்டாவது கொத்தில், மூன்று முட்டைகள் கறுப்பு விட்டுப் பொம்மின. நாங்கள் எல்லோரும் முண்டியடித்துப் பார்த்தோம். உண்மைதான். மூன்று முட்டை, மழைக்குப் பிந்தின இலை மாதிரி சுத்தமாக.

செங்கோடன் முன்பக்கம் போய் அவள் முன்னால் குந்தினான். "பெருமாயி, மூணு முட்டை வெளுத்திருச்சு. சாமி சத்தியமா. நல்லா இருக்குது" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாப்பாயி ஆமாம் என்றாள், சின்னுசாமி ஆமாம் என்றான், இதை எழுதுகிறவன் அழுத்தி அழுத்தி இரண்டு தடவை ஆமாம் என்றான். அவள் எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்தாள். கம்பவுண்டர் வருகிற வரைக்கும் முக்கால் வருஷம் 'நல்லாத்தான் இருக்குது' என்று சொன்ன அதே வாய்கள். கம்பவுண்டரின் கண்ணாடிகளைக் கொண்டுவரட்டுமா என்று இவன் கேட்டான்.

"வேண்டாம் தம்பி" என்றாள் பெருமாயி. "நீங்க சொல்றது நெசமோ பொய்யோ, அது உங்களோட இருக்கட்டும். மூச்சு உள்ள எறங்குது, எனக்குத் தெரியுது. போயி வேலையப் பாருங்க. எல்லாரும் நின்னு தூசி கெளப்பாதீங்க."

நாங்கள் கிளம்பினோம். அது ஒற்றையடிப் பாதை, ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். காலை வெயில் முன்னால் போன செங்கோடன், சின்னுசாமி முதுகு வழியாகப் புகுந்து வந்தது. கிளையும் முட்டையும் பொம்மிச் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனவர்கள் நடந்தார்கள். இதை எழுதுகிறவன், வழக்கம்போல், தன் முதுகுக்குப் பின்னால் யாரும் வராதபடி எல்லோருக்கும் கடைசியில் நடந்தான்.